டிரைவரில் 'சேவை மறுப்பு' ஓட்டை: 5.5 என்ற மதிப்பெண்ணை எப்படிப் படிப்பது

கிராஃபிக்ஸ் கார்டு, வைஃபை சிப், நெட்வொர்க் கார்டு என்று எதை இயக்கும் மென்பொருளுக்கும், அதாவது டிரைவருக்கும், பாதுகாப்பு அறிவிப்பு வந்தால் ஒரு வரி தவறாமல் இருக்கும்: 'இந்தக் குறைபாடு சேவை மறுப்புக்கு வழிவகுக்கலாம்.' பக்கத்தில் 5.5 என்று ஒரு மதிப்பெண், 'நடுத்தரம்' என்று ஒரு முத்திரை. படிப்பவருக்கு உடனே இரண்டு குழப்பம் வரும். சேவை மறுப்பு என்றால் இணையதளத்தை லட்சக்கணக்கான கோரிக்கைகளால் மூழ்கடிப்பதுதானே, என் கிராஃபிக்ஸ் கார்டில் அதற்கு என்ன வேலை? அப்புறம், நடுத்தரம் என்றால் இன்றே பேட்ச் (திருத்தம்) போட வேண்டுமா, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாமா?

இரண்டாவது கேள்விக்கு அந்த எண்ணில் பதில் கிடையாது. அது ஓட்டையை அளக்கிறது, உங்கள் கணினி எந்த இடத்தில் என்ன வேலை செய்கிறது என்பது அதற்குத் தெரியாது.

## டிரைவர் எங்கே உட்கார்ந்திருக்கிறது

பிரவுசர், எடிட்டர், கேம் எல்லாம் பயனர் தளத்தில் ஓடுபவை. அவற்றில் ஒன்று தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்தைத் தொட்டால் கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) அதை மட்டும் கொன்றுவிடும், மற்றவை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். டிரைவர்களில் பெரும்பாலானவை இருப்பது கெர்னலுக்கு உள்ளேயே. அங்கே நடக்கும் தவற்றைப் பிடித்து ஓரமாக உட்கார வைக்க மேலே ஆள் இல்லை.

தவறு நடந்த பிறகும் தொடர்ந்து ஓடினால், சிதைந்துபோன தரவை வட்டில் எழுதிவிடும் அபாயம் இருக்கிறது. அதனால் விண்டோஸ் தானாகவே எல்லாவற்றையும் நிறுத்தி நீலத்திரையைக் காட்டுகிறது. லினக்ஸில் இதற்கு 'பேனிக்' என்று பெயர். அதைவிடச் சின்ன அளவில் 'ஊப்ஸ்' என்று ஒன்றும் உண்டு: தவறு செய்த புராசஸை (ஓடிக்கொண்டிருக்கும் நிரலை) மட்டும் கொன்றுவிட்டு கெர்னல் நொண்டிக்கொண்டு மேலே போகும். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

டிரைவர் கோடு (நிரல்வரிகள்) ஏன் இவ்வளவு பலவீனமாக இருக்கிறது? 2001இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் லினக்ஸ் கெர்னலை அலசியபோது, மற்ற பகுதிகளைவிட டிரைவர்களில் பிழை விகிதம் 3 முதல் 7 மடங்கு வரை அதிகமாக இருந்தது. சாதனம் ஒழுங்காக நடந்துகொள்ளும் என்ற நம்பிக்கையில்தான் பெரும்பாலும் டிரைவர் எழுதப்படுகிறது, சோதனையும் நல்ல சாதனத்தை வைத்தே நடக்கிறது. சாதனம் பாதியில் பிடுங்கப்பட்டால், தப்பான நீளத்தைச் சொன்னால், பதிலே சொல்லாமல் இருந்தால் என்ன செய்வது என்கிற கோடு வெளியீட்டுக்கு முன் ஒருமுறைகூட ஓடாமலே போயிருக்கலாம். 1998 ஏப்ரலில் காம்டெக்ஸ் கண்காட்சி மேடையில் பில் கேட்ஸ் பக்கத்தில் நிற்க, விண்டோஸ் 98 கணினியில் ஒரு ஸ்கேனரைச் செருகியதும் நீலத்திரை வந்ததை உலகமே பார்த்தது. அங்கே தாக்குபவர் யாரும் இல்லை. ஒரு சாதனத்தைச் செருகினார்கள், அவ்வளவுதான்.

## வெள்ளம் வேறு, ஒற்றை அடி வேறு

இணையதளத்தை முடக்கும் தாக்குதலுக்கு அளவு வேண்டும், அது நிற்கும்வரைதான் பாதிப்பும். டிரைவர் ஓட்டைக்கு அந்த அளவெல்லாம் வேண்டாம். சரியான இடத்தில் ஒரு தவறான அழைப்பு, ஒரு தவறான பாக்கெட், ஒரு பொய் சொல்லும் யுஎஸ்பி சாதனம் போதும். தாக்குபவர் போன பிறகும் கணினி விழுந்தேதான் கிடக்கும், யாராவது எழுப்பும்வரை.

விழும் விதங்கள் பல. பராமரிப்பவருக்கு இவை ஒவ்வொன்றும் வேறு வேறு அறிகுறியோடு வருவதால் தனித்தனியாகத் தெரிந்திருப்பது நல்லது.

1. தவறான முகவரி. வெற்று சுட்டியை (எந்த இடத்தையும் காட்டாத முகவரியை) தொடுவது, அணிவரிசையின் எல்லைக்கு வெளியே படிப்பது. உடனடி கிராஷ். 2024 ஜூலை 19 அன்று கிரௌட்ஸ்ட்ரைக் அப்டேட்டால் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன என்று மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. அது வன்பொருள் டிரைவர் கிடையாது, பாதுகாப்பு மென்பொருளின் கெர்னல் டிரைவர். ஆனால் விழுந்த விதம் இதேதான்: 21 உள்ளீடுகள் இருப்பதாக வரையறை சொன்னது, கொடுக்கப்பட்டவை 20, இல்லாத 21ஆவதைப் படிக்கப் போனதும் எல்லை தாண்டிவிட்டது.

2. முடிவில்லாக் காத்திருப்பு. இது என் பார்வையில் மிகவும் குறைத்து மதிப்பிடப்படும் வகை. டிரைவர், சாதனத்தின் நிலையைச் சொல்லும் ஒரு ரெஜிஸ்டரைத் திரும்பத் திரும்பப் படித்து 'வேலை நடக்கிறது' என்ற பிட் 0 ஆகும்வரை காத்திருக்கிறது என்று வையுங்கள். பிசிஐ எக்ஸ்பிரஸ் சாதனம் இணைப்பிலிருந்து விலகிவிட்டால் பொதுவாக அதைப் படிக்கும்போது எல்லா பிட்டும் 1 என்றே வரும். அந்த பிட் 0 ஆகப்போவதே இல்லை, நேர வரம்பு வைக்காத டிரைவர் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். லினக்ஸில் ஒரு சிபியு இப்படி 20 விநாடிக்கு மேல் கெர்னலுக்குள் மாட்டிக்கொண்டால் 'சாஃப்ட் லாக்அப்' என்று கணினியின் பதிவேட்டில் வரும். கிராஃபிக்ஸ் கார்டு இயல்பாக 2 விநாடிக்குள் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் அதை ரீசெட் செய்து பார்க்கும். திரை ஒரு கணம் கறுத்துப்போய்த் திரும்புவது பல நேரம் இதனால்தான். ஒரு நிமிடத்துக்குள் அதுவே 5 முறைக்கு மேல் நடந்தால் ரீசெட்டை விட்டுவிட்டு நீலத்திரைக்குப் போய்விடும்.

3. திறக்கப்படாத பூட்டு. ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் தொடவேண்டியதைக் காக்கும் பூட்டுதான் லாக், பிழை வரும் பாதையில் அதை விடுவிக்க மறந்துவிடுவது. கிராஷ் எதுவும் இருக்காது, அந்தச் சாதனத்தைத் தொடும் ஒவ்வொரு புராசஸும் வரிசையாக உறைந்துபோகும்.

4. கசிவு. ஒவ்வொரு அழைப்பிலும் கொஞ்சம் கெர்னல் நினைவகம் திரும்பக் கொடுக்கப்படாமல் தங்கிவிடும். நாள் கணக்கில் ஓடும் சர்வரில்தான் தெரியவரும்.

5. சாதனமே உறைந்துபோவது. 2013இல் இன்டெல் 82574எல் நெட்வொர்க் கன்ட்ரோலர் கொண்ட சில போர்டுகளில், ஒரு பாக்கெட்டின் குறிப்பிட்ட இடத்தில் குறிப்பிட்ட மதிப்பு வந்தால் கார்டு செத்துப்போவதை ஒரு பொறியாளர் கண்டுபிடித்தார். கணினி உயிரோடுதான் இருந்தது, நெட்வொர்க் மட்டும் இல்லை. மின்சாரத்தை முழுவதும் துண்டித்துப் போட்டால்தான் கார்டு எழுந்தது. ஒரு போர்டு தயாரிப்பாளர் கார்டின் நிலை நினைவகத்தை (மின்சாரம் போனாலும் அழியாததை) தவறாக எழுதியிருந்ததே காரணம் என்று இன்டெல் விளக்கியது.

6. திரும்பி வராத சேதம். 2008இல் லினக்ஸ் 2.6.27 சோதனைப் பதிப்புகளை ஓட்டிய சிலருக்கு இன்டெல் நெட்வொர்க் கார்டின் நிலை நினைவகமே அழிந்து, கார்டு பயனற்றுப்போனது. பழி முதலில் நெட்வொர்க் டிரைவர்மேல் விழுந்தது. கடைசியில் பார்த்தால் கெர்னலின் ஓட்டத்தைப் பின்தொடரும் டிரேசிங் வசதி, ஏற்கெனவே விடுவிக்கப்பட்டிருந்த நினைவக முகவரியில் எழுதிக்கொண்டிருந்தது. அதே முகவரி இப்போது கார்டுக்கு ஒதுக்கப்பட்டிருந்ததால் அந்த எழுத்து நேராக வன்பொருளுக்குள் போய்விட்டது. ரீபூட் செய்து சரியாகாத சேவை மறுப்பும் உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

## 5.5 எங்கிருந்து வருகிறது

ஓட்டைகளுக்கு மதிப்பெண் போடும் பொதுமுறையான சிவிஎஸ்எஸ் மூன்றாம் பதிப்பின் சூத்திரத்தில் ரகசியம் கசிந்ததா, தரவு மாற்றப்பட்டதா, சேவை நின்றதா என்று மூன்று பாதிப்புகள் தனித்தனியாக எடைபோடப்படுகின்றன. சேவை மறுப்பில் முதல் இரண்டும் பூஜ்யம், மூன்றாவது மட்டும் முழுசு. அதோடு 'தாக்குபவர் ஏற்கெனவே அந்தக் கணினியில் சாதாரணப் பயனராக இருக்க வேண்டும்' என்பதையும் சேர்த்தால் கிடைப்பது 5.5. டிரைவர் அறிவிப்புகளில் இந்த எண் இவ்வளவு அடிக்கடி வருவதற்குக் காரணம் இதே சேர்க்கை திரும்பத் திரும்ப வருவதுதான்.

தாக்கும் வழியையோ, அதற்குத் தேவையான அனுமதியையோ, விழும் எல்லையையோ மாற்றிப் பாருங்கள். கணக்கு எதுவும் தேவையில்லை, ஆனால் சாதனத்தைக் கையால் செருகினால்தான் முடியும் என்றால் 4.6. விர்ச்சுவல் மெஷினுக்குள் இருப்பவர் அதைத் தாங்கும் முழுக் கணினியையும் வீழ்த்த முடிந்தால் 6.5. எந்த அனுமதியும் இல்லாமல் நெட்வொர்க் வழியாகவே முடியும் என்றால் 7.5. கோட்டில் இருக்கும் பிழை நான்கிலும் ஒரே மாதிரி இருக்கலாம், எட்டும் தூரமும் விழும் எல்லையும்தான் வேறு. அந்த இரண்டையும் உங்கள் சூழலில் தீர்மானிப்பது நீங்கள், அறிவிப்பு எழுதியவர் கிடையாது.

'உள்ளூர்' என்ற சொல்லும் ஏமாற்றும். கணினி முன்னால் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்று அதற்கு அர்த்தமில்லை, அந்தக் கணினியில் ஓடும் ஏதோ ஒரு கோடு என்றுதான் அர்த்தம். இணையப்பக்கங்கள் கிராஃபிக்ஸ் கார்டைப் பயன்படுத்த வழிசெய்யும் வெப்ஜிஎல் வந்த பிறகு, ஒரு பக்கம் அனுப்பும் ஷேடர்கூட (கிராஃபிக்ஸ் கார்டில் ஓடும் சிறு நிரல்), பிரவுசரின் சரிபார்ப்பைத் தாண்டிய பின், கிராஃபிக்ஸ் டிரைவர்வரை போய்ச் சேருகிறது. அதனால்தான் பிரவுசர்கள் மோசமான டிரைவர்களுக்குத் தடைப்பட்டியல் வைத்திருக்கின்றன, கிராஃபிக்ஸ் வேலையைத் தனி புராசஸில் அடைத்தும் வைக்கின்றன.

## உங்கள் மதிப்பெண்ணை நீங்களே போடுங்கள்

முதல் கேள்வி: இந்த டிரைவரை யாரால் தொட முடியும்? உங்கள் சொந்த லேப்டாப்பில் நீங்கள் மட்டும்தான் என்றால், உங்களையே நீங்கள் கிராஷ் செய்துகொள்ளும் ஓட்டைக்கு இரவு முழுக்க விழித்திருக்கத் தேவையில்லை. பலர் லாகின் செய்து கோடு ஓட்டும் பகிர்ந்த சர்வர் என்றால் நிலைமை தலைகீழ்.

இரண்டாவது: விழும்போது கூடவே யார் விழுகிறார்கள்? கன்டெய்னர்களை இங்கே குறிப்பாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கன்டெய்னரும் தனிக் கணினி போலத் தெரிந்தாலும் எல்லாமே ஒரே கெர்னலின் மேல் நிற்கின்றன. ஒரு கன்டெய்னருக்கு ஜிபியுவை (கிராஃபிக்ஸ் சிப்பை) நேரடியாகக் கொடுத்திருந்தால், உள்ளே இருப்பவர் ஜிபியு டிரைவரை வீழ்த்தும் நொடியில் அந்தக் கணினியில் இருக்கும் மற்ற எல்லாருடைய வேலையும் போகும். அறிவிப்பில் இருக்கும் 5.5 இந்தச் சூழலை நினைத்துப் போடப்பட்டதே இல்லை. ஜிபியுவைப் பலருக்குப் பகிர்ந்து கொடுக்கும் இடத்தில் இதை 'நடுத்தரம்' என்று வரிசையில் நிறுத்துவது தவறு என்றே நினைக்கிறேன்.

மூன்றாவது: எழுப்புவது யார், எப்படி? ஆள் பக்கத்தில் இருக்கும் மேசைக் கணினிக்கு ரீபூட் 2 நிமிட வேலை. ஆளில்லாத இடத்தில் பூட்டிய பெட்டிக்குள் இருக்கும் கருவிக்கு அது ஒரு பயணம். கிரௌட்ஸ்ட்ரைக் விஷயத்தில் தவறான கோப்பு 78 நிமிடத்தில் திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் அதை வாங்கிவிட்ட பல கணினிகள் பூட் ஆகும்போதே விழுந்ததால், திருத்தத்தை நெட்வொர்க் வழியாக வாங்கும் நிலையைக்கூட அவை எட்டவில்லை. ஒவ்வொன்றாக சேஃப் மோடில் எழுப்பி, வட்டு குறியாக்கப்பட்டிருந்தால் மீட்புச் சாவியையும் தேடியெடுத்து, கோப்பை நீக்க வேண்டியிருந்தது. பல நிறுவனங்களுக்கு அது நாள் கணக்கில் இழுத்தது. பாதிப்பின் நீளத்தை அங்கே தீர்மானித்தது பிழை கிடையாது, மீட்கும் வழிதான்.

## 'வெறும் கிராஷ்' என்ற முத்திரையை எவ்வளவு நம்பலாம்

சேவை மறுப்பு என்று எழுதியிருந்தால், அதுவரை யாரும் அதைவிட மோசமாக எதையும் செய்துகாட்டவில்லை என்று எடுத்துக்கொள்வது பாதுகாப்பானது. இரண்டு நிகழ்வுகளைப் பார்த்தாலே காரணம் புரியும்.

ஆண்ட்ராய்டின் பைண்டர் டிரைவரில், விடுவித்த நினைவகத்தை மறுபடி பயன்படுத்தும் ஒரு பிழையை சிஸ்காலர் என்ற தானியங்கிச் சோதனைக் கருவி 2017 நவம்பரில் பிடித்தது. 2018 பிப்ரவரியில் கெர்னலில் சரிசெய்தார்கள், ஆனால் பாதுகாப்பு ஓட்டை என்று எண் கொடுக்கவில்லை. அதனால் சந்தையில் இருந்த பல போன்களுக்கு அந்தத் திருத்தம் போய்ச் சேரவேயில்லை. 2019 அக்டோபரில் அதே பிழையை வைத்து போனை முழுவதும் கைப்பற்றும் தாக்குதல் நடப்பதாகக் கூகுளின் பாதுகாப்பு ஆய்வுக் குழுவான புராஜெக்ட் ஜீரோ வெளியிட்டது. சிவிஇ-2019-2215 என்ற எண் (சிவிஇ என்பது பாதுகாப்பு ஓட்டைகளுக்குக் கொடுக்கும் பொது அடையாள எண்) அப்போதுதான் கிடைத்தது.

இரண்டாவது, வெற்று சுட்டிப் பிழை. லினக்ஸில் பல ஆண்டுகளாக இதை 'ஊப்ஸோடு முடிந்துவிடும்' என்று ஒதுக்கிவைத்தார்கள். ஒவ்வொரு ஊப்ஸிலும் கொல்லப்படும் புராசஸ், ஒரு நினைவகப் பகுதியை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று காட்டும் கணக்கெடுப்பு எண்களைக் குறைக்காமலே போய்விடும். அதையே திரும்பத் திரும்பச் செய்து எண்ணை அதன் உச்சத்தைத் தாண்டி வழியவைத்தால் நினைவகத்தைக் கைப்பற்ற முடியும் என்று 2023 தொடக்கத்தில் புராஜெக்ட் ஜீரோ செய்துகாட்டியது. லினக்ஸ் 6.2இல் ஊப்ஸ் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு வந்தது, இயல்பாக 10,000. அதை எட்டினால் கெர்னல் தானே பேனிக் ஆகிவிடும்.

## சரி, என்ன செய்வது

முதலில், தேவையில்லாத டிரைவர் ஏறவே கூடாது. நினைவகத்தில் ஏறாத டிரைவரின் ஓட்டையால் உங்களை ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் லினக்ஸ் தேவைப்படும்போது மாட்யூலை (தனியாக ஏற்றக்கூடிய டிரைவர் துண்டை) தானாகவே ஏற்றிக்கொள்ளும், யாரோ ஒரு யுஎஸ்பி சாதனத்தைச் செருகினாலே போதும். இங்கே ஒரு நுணுக்கம் பலருக்குத் தெரிவதில்லை: மாட்யூலை பிளாக்லிஸ்ட் வரியில் போடுவது தானியங்கி ஏற்றத்தை மட்டும்தான் தடுக்கும், வேறொரு மாட்யூல் அதைச் சார்ந்திருந்தால் அது ஏறிவிடும். மாட்யூல் ஏற்றும் கட்டளையையே தோல்வியில் முடியும் கட்டளைக்குத் திருப்பிவிடும் 'இன்ஸ்டால்' வரியைச் சேர்த்தால்தான் அந்த வழியும் அடைபடும். புதிய யுஎஸ்பி சாதனங்களுக்கு அனுமதி கொடுத்த பிறகே டிரைவர் இணைய வேண்டும் என்றும் வைக்க முடியும், யுஎஸ்பிகார்டு போன்ற கருவிகள் அதற்குத்தான். விண்டோஸில் தெரிந்த மோசமான டிரைவர்களுக்கான தடைப்பட்டியல், விண்டோஸ் 11இன் 2022 அப்டேட்டிலிருந்து இயல்பாகவே இயங்குகிறது. அதை அணைத்து வைத்திருந்தால் திரும்ப இயக்குங்கள்.

அடுத்து, ஏறியே ஆக வேண்டிய டிரைவரை யார் தொடலாம் என்பது. லினக்ஸில் நிரல்கள் டிரைவரை அணுகும் வாசலான சாதனக் கோப்புகளின் அனுமதியை ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். 'எல்லாரும் எழுதலாம்' என்று திறந்து கிடக்கும் ஒரு சாதனக் கோப்பு, 5.5 ஓட்டையை எந்தப் பயனர் கணக்குக்கும் இலவசமாகத் திறந்துவிடுகிறது. தனிக் குழு ஒன்றை உருவாக்கி, தேவையானவர்களை மட்டும் அதில் சேர்ப்பது பத்து நிமிட வேலை.

மூன்றாவது, பேட்ச். 2024 பிப்ரவரியில் லினக்ஸ் கெர்னல் குழு தானே சிவிஇ எண் வழங்க ஆரம்பித்த பிறகு எண்கள் மழை போல வருகின்றன, மதிப்பெண்ணோ அந்தக் குழு தருவதில்லை. ஒவ்வொன்றையும் படித்து இது வேண்டும், அது வேண்டாம் என்று பொறுக்குவது நடக்காத காரியம். ஆதரவில் இருக்கும் ஒரு நிலைப் பதிப்பைப் பிடித்துக்கொண்டு அதன் அப்டேட்களை முறையாகத் தொடர்வதே நடைமுறைக்கு ஒத்துவரும். அப்டேட்டை ஒரே நாளில் எல்லாக் கணினிக்கும் தள்ளவும் கூடாது: ஒரே வகை வன்பொருளில் சிலவற்றுக்கு முதலில், சுமை கொடுத்து, ரீபூட்டும் செய்து பார்த்து, அதன் பிறகு மற்றவற்றுக்கு. பழைய டிரைவருக்குத் திரும்பும் வழி கைவசம் இருக்கிறதா என்பதையும் அப்டேட்டுக்கு முன்பே சோதித்துவிடுங்கள்.

நான்காவது, விழுந்தால் எப்படி விழ வேண்டும் என்பதை முன்கூட்டியே தீர்மானிப்பது. ஊப்ஸ் வந்தால் நொண்டிக்கொண்டு ஓடட்டுமா, உடனே பேனிக் ஆகட்டுமா என்று லினக்ஸில் தேர்ந்தெடுக்கலாம். வேலையை எடுத்துக்கொள்ள மாற்று சர்வர்கள் தயாராக இருந்தால் உடனே விழுவதே நல்லது, பாதி உயிரோடு லாக்கைப் பிடித்துக்கொண்டு கிடக்கும் சர்வரைவிட முழுவதும் செத்த சர்வரைக் கண்டுபிடிப்பது எளிது. மாற்றே இல்லாத ஒற்றைக் கணினியில், அதிலும் பயனர்கள் யாராக இருந்தாலும் லாகின் செய்யலாம் என்றால், உடனடி பேனிக் என்பது தாக்குபவரின் வேலையைச் சுலபமாக்கும். இன்னொன்று: பேனிக் ஆன பிறகு எத்தனை விநாடியில் தானாக ரீபூட் ஆக வேண்டும் என்பதற்கான மதிப்பு, நீங்களோ உங்கள் டிஸ்ட்ரோவோ மாற்றாதவரை 0. அதாவது ரீபூட்டே ஆகாது. ஆளில்லாத இடத்தில் இருக்கும் கருவிக்கு இதை மாற்றி, வன்பொருள் வாட்ச்டாகையும் இயக்கி வைக்க வேண்டும். கெர்னல் முழுவதும் உறைந்துவிட்டால் வெளியிலிருந்து ரீசெட் பட்டனை அழுத்த அந்த வாட்ச்டாக் ஒன்றுதான் இருக்கும்.

கூடவே கிராஷ் டம்பை (விழுந்த நேரத்து நினைவகத்தின் பதிவை) சேமிக்கும் அமைப்பும் இயங்க வேண்டும், லினக்ஸில் கேடம்ப், விண்டோஸில் மினிடம்ப். டம்ப் இல்லாமல் ரீபூட் ஆன கணினியில் எந்த டிரைவர் விழுந்தது என்று ஊகிக்க மட்டும்தான் முடியும். ஒரே டிரைவர், ஒரே முகவரி, ஒரே பயனர் லாகின் செய்த நேரம் என்று மூன்று டம்ப்கள் ஒத்துப்போனால் அதைத் தற்செயல் என்று விடாமல் தோண்டுங்கள்.

## டிரைவர் எழுதுபவர் பக்கம்

மேலே சொன்னவை எல்லாம் வெளியிலிருந்து முட்டுக்கொடுப்பவை. மூலத்தில் செய்ய வேண்டியது டிரைவர் எழுதுபவர் கையில் இருக்கிறது.

1. பயனர் தளத்திலிருந்து வரும் ஒவ்வொரு நீளத்தையும் குறியீட்டு எண்ணையும் பொய்யாக இருக்கலாம் என்று நினைத்தே சரிபார்ப்பது. சாதனத்திலிருந்து வரும் மதிப்புகளுக்கும் இதே சந்தேகம் வேண்டும், பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

2. சாதனத்துக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு சுழற்சிக்கும் நேர வரம்பு. எல்லா பிட்டும் 1 என்று வந்தால் சாதனம் போய்விட்டது என்று புரிந்துகொண்டு வெளியேறுவது.

3. பிழைப் பாதைகளை வேண்டுமென்றே ஓடவைப்பது. நினைவகம் கிடைக்காதது போல் நடிக்கும் சோதனை வசதி லினக்ஸிலும் உண்டு, விண்டோஸின் டிரைவர் வெரிஃபையரிலும் உண்டு. லினக்ஸில் தவறான நினைவகத் தொடுதலைக் கண்காணிக்கும் கேசானும் சிஸ்காலரும் சேர்ந்து ஓடினால், கண்ணால் படித்துப் பிடிக்க முடியாத நினைவகப் பிழைகள் மாட்டும். பொய்யான யுஎஸ்பி சாதனங்களை சிஸ்காலர் மூலம் இணைத்துப் பார்த்தபோது லினக்ஸ் டிரைவர்களில் பிழைகள் கொத்துக்கொத்தாக வெளிவந்தன.

4. கெர்னலுக்குள் இருக்கத் தேவையில்லாததை வெளியே எடுப்பது. விண்டோஸ் என்டி 4.0இல் வேகத்துக்காக கிராஃபிக்ஸை கெர்னலுக்குள் கொண்டுபோனார்கள். விஸ்டாவில் டிரைவரை இரண்டாகப் பிரித்துப் பெரும்பகுதியைப் பயனர் தளத்துக்கே திருப்பி அனுப்பினார்கள், சின்னப் பகுதி மட்டும் உள்ளே தங்கியது. மேலே சொன்ன 2 விநாடி ரீசெட்டும் அந்த விஸ்டா மாற்றத்தோடு வந்ததுதான். அதற்கு முன்னால் கிராஃபிக்ஸ் கார்டு உறைந்தால் பெரும்பாலும் கணினியை ரீபூட் செய்ய வேண்டியிருந்தது.